வடக்குப் பாத்தியில் இருநூற்றுப் பத்து

காலை 5.52. முதலில் தெரிந்தது பாலத்துக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டிருந்த ஒரு காக்கிச் சட்டை. மார்கழிப் பனியில் அது காய வழியில்லை. சட்டைக்கு உரியவர் பனியனோடு கீழே உப்பங்கழியின் ஓரத்தில் குந்தி, முழங்கால் வரை அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் வருவதற்கு முன்பே வடக்குப் பாத்தி வரை ஒரு நடை போய்விட்டு வந்திருக்கிறார். திரும்பும்போது வரப்பில் வழுக்கி விழுந்ததில் சட்டை சேறாகிவிட்டது. அலசிப் போட்டிருக்கிறார்.

“பறவைங்க இருக்குதா?” என்று கேட்டேன்.

“இருட்டுல சத்தந்தான் சார் கேட்டுச்சி. இருக்கும்.”

இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். எனக்கும் அது தெரியும்.

மரக்காணம் உப்பளங்களில் குளிர்காலத்துக்கு வந்திறங்கும் பறவைகளுக்கு யாரும் வலை போடாமல் பார்த்துக்கொள்ள அப்போது இரண்டு தற்காலிகக் காவலர்கள் இருந்தார்கள். ஊரில் வாச்சர் என்பார்கள். நடுவே உள்ள காட்டுக்குத் தெற்கே இருக்கும் உப்புப் பாத்திகளுக்கு ஒருவர், வடக்கே உள்ளவற்றுக்கு இவர். எக்கியார்குப்பத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. வேலையில் ஒன்பது வருடம் முடிந்திருந்தது. பத்து முடிந்தால் நிரந்தரம் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று வனத்துறை அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதே அலுவலகம் அந்த வருடம் இன்னொன்றும் சொல்லியிருந்தது. தொடர்ந்து இரண்டு குளிர்காலம் ஐந்நூறு பறவைகூட இறங்காத பகுதிக்குத் தனிக் காவலர் தேவையில்லை, பக்கத்துப் பகுதியோடு சேர்த்துவிடலாம். முந்தைய வருடம் புயல் இங்கேதான் கரை தொட்டது. கரைகள் உடைந்து வடக்குப் பாத்தி முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்றதால் நீண்ட கால்களுள்ள பறவைகூட அங்கே நிற்க முடியவில்லை. அந்தக் கணக்கில் வடக்கு ஏற்கனவே ஒரு வருடம் தோற்றிருந்தது. ஆக, இன்றைய எண்ணிக்கையில் ஐந்நூறு வந்தால் அவருக்குப் பத்தாவது வருடம் உண்டு. வராவிட்டால் இல்லை.

எண்ணுகிறவர்கள் நாங்கள். புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கழியோரமும் காட்டுப் பாதையும் நடந்து பறவை எண்ணிப் பட்டியல் கொடுக்கிற குழு. அன்று ஒன்பது பேர். தலைவி, கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் மேடம். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் கையைவிட நீளமான லென்ஸோடு வருவார். குயிலாப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் இளம் தம்பதி அந்த முறை புதிது. மற்றவர்கள் வழக்கமானவர்கள். பட்டியல் எழுதுவது என் வேலை. முப்பத்தோரு வருடம் பத்திரிகையில் அடுத்தவர் எழுதிய செய்தியைத் திருத்தியவன் என்பதால் அது என்னிடம் வந்தது. குழுவுக்கென்று மூன்று விதிகளும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் பார்க்காத பறவை பட்டியலில் ஏறாது. சந்தேகமானது ஏறாது. ஒரு கூட்டத்தை முதலில் எங்கே பார்க்கிறோமோ அந்த இடத்தின் கணக்கில்தான் அது ஏறும், பிறகு எங்கே பறந்து போனாலும்.

கழியோரம் நடக்கத் தொடங்கினோம். ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கி இன்னும் ஓய்ந்தபாடில்லை. தண்ணீரின் மேல் ஓர் ஆள் உயரத்துக்குப் பனி நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு மீன்கொத்தி கத்தியது. புதிதாக வந்த பெண் அது என்ன என்று கேட்க, ஐந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். பதின்மூன்று வருடமாக இதே கரையில் இதே கேள்விக்கு இதே பதிலைக் கேட்டுக்கொண்டு நடக்கிறேன். என் வலது முழங்கால் மட்டும் வருடத்துக்கு வருடம் புதிதாக ஏதாவது சொல்கிறது. அன்று பாலத்திலிருந்து இரண்டாவது மதகு வருவதற்குள்ளேயே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

வாச்சர் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தார்.

“காய்ச்சல் வந்துடப் போவுதுப்பா” என்றார் மேடம்.

“யூனிபாரம் இல்லாம போட்டோல வந்துட்டா அதுக்கு ஒரு மெமோ வரும் மேடம். காய்ச்சலே பரவால்ல.”

6.40க்குக் காட்டு முனை. அங்கே வழி இரண்டாகப் பிரியும். மேடமும் தம்பதியும் மற்றவர்களும் வாச்சரோடு காட்டுப் பாதையில் வடக்குப் பாத்திக்குப் போக வேண்டியது. நானும் லென்ஸ்காரரும் பக்கத்திலிருக்கும் தெற்குப் பாத்தியை எண்ணிவிட்டுப் பிறகு அதே பாதையில் போய் அவர்களோடு சேர வேண்டியது. நடக்க முடியாதவர்கள் நின்று எண்ணிவிட்டு மெதுவாக வந்து சேரட்டும் என்று மேடம் கணக்குப் போட்டிருந்தார். லென்ஸ்காரரும் இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

தெற்குப் பாத்தியில் 7.15க்கு மூக்கன் கூட்டத்தைப் பார்த்தோம். கருவால் மூக்கன். கோழிக்குஞ்சுக்குக் கொக்கின் காலும் ஒரு முழ ஊசியும் வைத்தது போலிருக்கும் என்று லென்ஸ்காரர் சொல்வார். முழம் இல்லை, அரைச் சாணுக்கும் குறைவுதான். இந்தப் பறவையை ஒன்று ஒன்றாக எண்ண முடியாது. பத்துப் பறவை அடைக்கிற இடத்தைக் கண்ணால் அளந்துகொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இருவரும் தனித்தனியாக எண்ணினோம். அவருக்கு முந்நூற்று அறுபது, எனக்கு முந்நூற்று நாற்பது. முந்நூற்று ஐம்பது என்று எழுதினேன். ஓரத்தில் ஒரு பறவை மற்றவற்றை விட்டு விலகி, தத்தித் தத்தி மேய்ந்தது. இடது கால் இல்லை. 7.22 என்று நேரம் போட்டு அதையும் எழுதினேன். எழுதக் காரணம் எதுவும் இல்லை. கண்ணில் பட்டதை எழுதும் பழக்கம்தான்.

சாதாரணமாகப் பொங்கல் கழித்துத்தான் உப்பளத்தில் ஆள் இறங்குவார்கள். அந்த வருடம் மழை சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. 7.30க்குப் பதினான்கு பேர் வரப்பில் வந்து நின்றார்கள், பெரும்பாலும் பெண்கள். பாத்தி மிதிக்க வந்தவர்கள். தண்ணீர் வடிந்த பாத்தியின் களிமண்ணை வரிசையாக நின்று குதிகாலால் மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரை போல இறுக்கினால்தான் உப்பு மண் கலக்காமல் விளையும். கையில் ஆளுக்கொரு கம்பு ஊன்றி, பக்கவாட்டில் ஒரு பாதம் அளவுக்கு நகர்ந்து நகர்ந்து போவார்கள். அவர்கள் இறங்கியதும் மூக்கன் கூட்டம் எழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, காட்டு மரங்களுக்கு மேலாகப் போய் மறைந்தது. 7.34.

“இன்னா சார் எண்றீங்க, கொக்கா?” வரிசையின் கடைசியில் இருந்த பெண் கேட்டார். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை.

“எல்லாந்தான்மா.”

“எண்ணி?”

“கவர்மெண்டுக்குக் குடுப்போம்.”

“அப்ப எங்களயும் எண்ணிக்குங்க. பதினாலு. இதுல ஒண்ணு வேல செய்யாது.”

அவருக்குப் பக்கத்தில் நின்றவர், “இவள எண்ணாதீங்க சார், வாய் மட்டுந்தான் மிதிக்கும்” என்றார். வரிசை முழுதும் சிரித்தது. சிரிப்பிலும் கால்கள் நிற்கவில்லை.

லென்ஸ்காரர் கூட்டம் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “போயிடுச்சே. இனி வராதா?”

“எங்க போவும்? நேத்தும் இப்படித்தான். நாங்க எறங்குனா அந்தாண்ட போவும். நாங்க சோறு துன்ன கரையேறுனா இந்தாண்ட வரும். நாங்க இன்னா, அதுக்குச் சொல்லிவிட்டா வர்றோம்?”

நான் அதையும் எழுதிக்கொண்டேன். அப்போதே என் மனதில் கணக்குச் சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. முழங்காலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

காட்டுப் பாதை இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. காரைமுள்ளும் சூரையும் இருபுறமும் மண்டி, இடையிடையே முந்திரி. நிழலில் மணல் ஈரமாக இருந்ததால் கால் புதைந்தது. ஒரு திருப்பத்தில் சருகுக்கு நடுவே ஆறுமணிக்குருவி ஒன்று நின்றது. பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு. லென்ஸ்காரர் நான் கைகாட்டிய பக்கம் திரும்புவதற்குள் போய்விட்டது. அவருக்குக் காண்பிக்க முடியாததால் அது பட்டியலில் இல்லை. மூன்று முறை உட்கார்ந்தோம். மூன்றாவது முறை உட்கார்ந்தபோது, வடக்கே யாரோ கை தட்டியது கேட்டது.

8.40க்கு வடக்குப் பாத்தியின் ஓரத்துக்குப் போனபோது எல்லோரும் ஒரு முந்திரி மரத்தடியில் இருந்தார்கள். வாச்சர் தூக்குவாளியைத் திறந்து அவித்த வேர்க்கடலையை ஆளுக்கொரு கை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. எனக்கு மற்றவர்களைவிட அதிகமாக அள்ளினார்.

“ஐந்நூத்தி அறுபது” என்றார் மேடம். “நான் ஒண்ணு, இவங்க ரெண்டு பேரும் ஒண்ணு, தனித்தனியா எண்ணினோம். ஐந்நூத்தி அறுபதுக்குக் குறையாது.”

“வீட்ல சொல்லிட்டேன் சார்” என்றார் வாச்சர். “போன்லயே சொல்லிட்டேன். ஆயிரம்னு சொல்லச் சொல்லுதுங்க, புள்ளைங்க.”

மேடத்தின் தாளை வாங்கி என் தாளில் ஏற்ற ஆரம்பித்தேன். பவளக்காலி, நெடுங்கால் உள்ளான், உப்புக்கொத்தி, சிறு உள்ளான்கள் எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பத்து. கருவால் மூக்கன் முந்நூற்று ஐம்பது. நேரம் 7.50.

பேனா அங்கே நின்றது.

“இந்த மூக்கனெல்லாம் எங்கேருந்து வந்துச்சு, பாத்தீங்களா மேடம்?”

“நாங்க காட்டுல இருந்து வெளிய வரும்போதே கீழ மேய்ஞ்சிட்டு இருந்துச்சு. ஏன்?”

தெற்கில் முந்நூற்று ஐம்பது, 7.34க்கு வடக்கு நோக்கிப் பறந்தது. வடக்கில் முந்நூற்று ஐம்பது, 7.50க்குத் தரையில். நடுவில் ஒரு காடு, பறவைக்கு மூன்று நிமிடம். ஆனால் அந்தக் கடற்கரையில் ஒரே ஒரு மூக்கன் கூட்டம்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதிகாலையில் வாச்சர் இருட்டில் கேட்ட சத்தம் வேறு கூட்டத்துடையதாக இருக்கலாம். யாரும் பொய் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

தெரியாதபோது இரண்டாவது ஆளைக் கேட்பது என் தொழில். கேட்க அங்கே தகுதியான ஆள் ஒருவர்தான். பறவைகளை வருடத்துக்கு ஒரு ஞாயிறு அல்ல, ஒன்பது வருடம் தினமும் பார்த்தவர். செய்திக்கு ஆள் தேடும்போது நாங்கள் கேட்கிற விதம் ஒன்று உண்டு. கேள்வி எதற்கென்று சொல்லாமல், பேச்சோடு பேச்சாகக் கேட்பது. அப்படிக் கேட்டால்தான் பதில் சுத்தமாக வரும். அந்த விதத்தில்தான் கேட்டேன்.

“அந்த மூக்கன் கூட்டத்துல எதாச்சும் தனியாத் தெரிஞ்சுதா உங்களுக்கு?”

அவர் முகம் மலர்ந்தது. யாரும் அவரிடம் இப்படிக் கேட்பதில்லை. பறவைப் பெயர்களைப் பெரும்பாலும் நாங்கள்தான் அவருக்குச் சொல்வோம்.

“ஒத்தக்கால் ஒண்ணு இருந்துச்சி சார். ஓரமா.”

“ஒத்தக்கால்லதான்ப்பா எல்லாமே நிக்கும்” என்றார் மேடம். “ஒரு கால மடக்கி வெச்சுக்கும்.”

“நிக்கிறது வேற மேடம். நிக்கிறப்ப எல்லாம் சாமியாருதான். இது மேயறப்பவும் ஒத்தக்கால்தான். தத்தித் தத்திப் போவுது. சோத்தாங்கால்தான் இருக்குது, பீச்சாங்கால் இல்ல. எவனோ போட்ட வலைல அறுத்துக்கினு வந்திருக்குது.”

என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து 7.22 வரியை மேடத்திடம் காட்டினேன். மேடம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். அதை இடையில் வாச்சர் பார்த்தார். அவருக்கு என் கையெழுத்துப் பழக்கம்தான்.

“இது தெக்கயா சார்?”

“ஆமா.”

கையிலிருந்த கடலைத் தோலை அவர் கீழே போடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இளம் தம்பதியில் கணவருக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. “அப்போ வடக்குக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டார். மனைவி அவர் முழங்கையைத் தொட்டார்.

மேடம் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். பெரிதாகத் தள்ளி இல்லை. எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

“விடுங்களேன். நீங்க எழுதாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது? ஒத்தக்கால் நமக்கு மட்டும்தான தெரியும்.”

“இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்.”

“விதி நீங்க எழுதினதுதான. இறங்கற இடத்துல எண்ணலாம்னு மாத்திக்கலாம். அதுல என்ன தப்பு?”

தப்பு இல்லை. பறவை வந்து இறங்குகிற இடமும் அதற்கு வேண்டிய இடம்தான், காவல் அங்கேயும் வேண்டும். விதியை எழுதியபோது எனக்கு அது தோன்றவில்லை. பாத்தி மிதிக்கிறவர்கள் எங்கே இறங்குகிறார்கள், எப்போது கரையேறுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பறவைகள் நாள் முழுதும் இரண்டு இடங்களுக்கும் அலைகின்றன என்பது நகரத்திலிருந்து வந்து ஞாயிறு காலை மட்டும் எண்ணுகிறவர்களுக்குத் தோன்றாது. ஆனால் முடிவு தெரிந்த பிறகு விதியை மாற்றினால் அது விதி இல்லை. அப்படித்தான் அப்போது நினைத்தேன். அதை மேடத்திடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் பழைய அலுவலகத்தில் பேசுவது போல இருந்தது.

“நீங்க கேட்டிருக்க வேணாம்” என்றார் அவர். “எழுதறது வேற. அவர் வாயாலயே ஏன் வரவெச்சீங்க?”

செய்தியால் நஷ்டப்படப் போகிறவரிடமே போய் அந்தச் செய்தியை உறுதிசெய்துகொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், செய்யவும் சொல்லியிருக்கிறேன். சரியான முறை என்றுதான் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

வாச்சர் எங்கள் பக்கம் வந்தார்.

“எழுதுங்க சார்” என்றார். “தப்பா எழுதி நாளைக்கி ஆபீசருங்க ஜீப்புல வந்து பாத்தா இருநூறுதான் நிக்கும். மீதி எங்கடான்னு என்னியத்தான் கேப்பாங்க. எங்க போறது நானு?”

“மனு மாதிரி ஒண்ணு எழுதித் தர்றேன்” என்றேன். “ரெண்டு இடமும் ஒரே கூட்டத்துக்கு வேணும்னு.”

“எழுதுங்க. ஆனா வல போடுறவன் கணக்குப் பாத்தா வர்றான்? காலியா இருக்கற எடத்துலதான் சார் வருவான்.” பிறகு தூக்குவாளியை மூடினார். “கடல இன்னும் இருக்குது. யாருக்குன்னா வேணுமா?”

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் மறுபடி ஒரு கை வாங்கிக்கொண்டார்கள். நானும் வாங்கினேன். உப்பு அதிகம்.

9.05க்கு வடக்குப் பாத்தி என்ற தலைப்பின் கீழ் மூக்கன் வரியை அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மொத்தம் இருநூற்றுப் பத்து. மேடம் கையெழுத்துப் போட்டார். லென்ஸ்காரர் போட்டார். வாச்சர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் தாளின் அடியில் இருக்கிறது, பகுதிக் காவலர் என்று. பேனாவை வாங்கி, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதினார்.

திரும்பிப் போகக் காட்டுப் பாதையில் இறங்கியபோது 9.40 இருக்கும். தெற்கே மிதிக்கிறவர்கள் சாப்பிடக் கரையேறியிருக்க வேண்டும். தலைக்கு மேல் சிறகுச் சத்தம் கேட்டது. மூக்கன் கூட்டம் வடக்கிலிருந்து தெற்கே தாழ்வாகப் போனது. யாரும் பைனாகுலரை எடுக்கவில்லை. புதிதாக வந்த பெண் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு வேரில் தடுக்கினார். வாச்சர் பிடித்துக்கொண்டார்.

பாலத்தருகே வேனில் ஏறும்போது அவரிடம் கை கொடுத்தேன். “வர்றோம்பா” என்றேன். “வாங்க சார்” என்றார். அவர் வடக்கே திரும்பி நடந்தார். அன்று மாலை ஆறு மணி வரை அவருக்கு வேலை.

மனுவை நான் எழுதினேன். இரண்டு பக்கம், கூட்டத்தின் நேரங்களும் ஒரு வரைபடமும் சேர்த்து. பெற்றுக்கொண்டதாகச் சீட்டு வந்தது. ஏப்ரலில் வடக்குப் பகுதி தெற்கோடு சேர்க்கப்பட்டது. நவம்பரில் நடந்த குழுக் கூட்டத்தில் மூன்றாவது விதியை மாற்றினோம். ஒரே கூட்டத்தை இரண்டு இடத்தில் பார்த்தால் இரண்டு இடத்துக்கும் எழுதி, ஒரே கூட்டம் என்று குறிப்புப் போட வேண்டும். மாற்றத்தை முன்மொழிந்தவர் மேடம். நான் எதிர்க்கவில்லை.

வாச்சராக இருந்தவர் இப்போது கீழ்புத்துப்பட்டுக்கு இந்தப் பக்கம், சாலையோரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்தி நிறுத்துகிறார். முகூர்த்த நாட்களில் மட்டும் வேலை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது.